மாடியில் சோலார், வீட்டுக்குள் பேட்டரி: முதல்முறை போடுபவர்களுக்கு

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் 2 கிலோவாட் சோலார் போட்ட மூன்றாவது வாரம், சித்திரை வெயில் கொளுத்தும் நடுப்பகலில் லைன் வேலைக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். மாடியில் நான்கு பேனல்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கீழே ஃபேன் நின்றுவிட்டது. "இவ்வளவு வெயில் அடிக்குதே, நம்ம கரண்ட் எங்கப்பா போச்சு?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. போட்டுக் கொடுத்தவர்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

பதில் இதுதான். நாங்கள் போட்டிருந்தது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். அது மின்வாரிய லைனின் வோல்டேஜைப் பார்த்து, அதற்கு ஒத்துப்போய்த்தான் ஓடும். லைன் போனால் அடுத்த நொடிகளில் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் நம் வீட்டுக் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனின் உயிர் போய்விடும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

அதனால் புதிதாகப் போட நினைப்பவர்கள் இதை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பேனல் பில்லைக் குறைப்பதற்கு, பேட்டரி கரண்ட் இல்லாத நேரத்துக்கு. இரண்டும் வேறு வேறு தேவை, கணக்கும் வேறு வேறு. "5 கிலோவாட் பேனல், அதுக்கு ஏத்த மாதிரி பெரிய பேட்டரி" என்று சேர்த்துப் பேசுகிற இடத்தில்தான் பணம் வீணாகிறது.

முதலில் பில், அப்புறம் பேனல்

கடந்த ஓர் ஆண்டின் ஆறு பில்களையும் எடுத்து வையுங்கள். அதில் ரூபாயைப் பார்க்க வேண்டாம், யூனிட்டைப் பாருங்கள்.

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் ஆண்டுச் சராசரியாக நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாத பில் காலத்துக்கு 240 யூனிட். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 520 யூனிட் ஓடியது. அப்போது வீட்டு இணைப்புக்கு அதில் 100 யூனிட் இலவசம். மீதி 420. 2 கிலோவாட் போட்டால் 480 வரும்; போதும். இதையே விற்க வருபவரிடம் கேட்டால் 3 அல்லது 5 என்பார். வீட்டுக்கு நெட் மீட்டரிங் இருப்பதால், பகலில் மிச்சமாகி லைனுக்குப் போன யூனிட்டை இரவில் எடுத்த யூனிட்டில் கழித்துவிடுவார்கள். அந்த வசதி தேவையைச் சரிக்கட்டத்தான். உபரி கரண்டை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நம்பிப் பெரிதாகப் போடாதீர்கள். ஆனால் ஒன்று: ஓரிரு ஆண்டில் ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வரை இழுக்கும்.

மானியக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே ரூ.78,000தான். இந்தியாவில் தயாரான சோலார் செல்லைக் கொண்டு இங்கேயே செய்த பேனலாக இருந்தால் மட்டும் இந்த மானியம் கிடைக்கும். விலைப்பட்டியலில் 'டி.சி.ஆர். பேனல்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பேட்டரிக்கு இத்திட்டத்தில் மானியம் கிடையாது.

மாடியில் ஒரு சாக்பீஸோடு

1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். இடம் இருப்பதைவிட அந்த இடத்தில் நிழல் விழாமல் இருப்பது முக்கியம். எங்கள் மாடியில் நான் செய்ததைச் சொல்கிறேன். மார்கழியில் ஒரு நாள் காலை 9 மணிக்குச் சாக்பீஸோடு மாடிக்குப் போனேன். தண்ணீர் டாங்க், கைப்பிடிச்சுவர், டிஷ் ஆன்டெனா என்று ஒவ்வொன்றின் நிழலையும் தரையில் சுற்றிக் கோடு போட்டேன். பகல் 12 மணிக்கு மறுபடி, 3 மணிக்கு மறுபடி. மூன்று கோடுகளும் படாத இடம் எதுவோ அதுதான் பேனலுக்கு உரிய இடம்.

மார்கழியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் சூரியன் நன்றாகத் தெற்கே இறங்கி, நிழல் வடக்கே நீளும். 5 அடி டாங்கின் நிழல் நடுப்பகலில் 3 அடிக்குச் சற்று மேல் இருக்கும். காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் அதுவே 7 அடியாகும். மார்கழி வரை காத்திருக்க முடியாதவர்கள் இந்தக் கணக்கை வைத்து இடம் விட்டுக்கொள்ளலாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. எங்கள் பக்கம் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். அதனால் பேனலுக்கு வடக்கே ஒட்டினாற்போல் மாடிப்படி அறை இருந்தால் அந்த மாதங்களில் அதன் நிழல் கொஞ்சம் தெற்கே விழும். இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் தீர்ந்தது.

தென்னைதான் எங்கள் ஊரில் பெரிய சிக்கல். ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அந்த வரிசை முழுவதின் உற்பத்தியும் சரியலாம். பேனல்களைச் சங்கிலி போல் ஒன்றோடொன்று கோத்திருப்பதால் வரும் விளைவு இது. நிழல் பட்ட செல்களைச் சுற்றிக் கரண்டை அனுப்ப பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடுகள் பாதிப்பைக் குறைக்குமே தவிர நீக்காது. பக்கத்து வீட்டு மரத்தை வெட்டச் சொல்ல முடியாது. நிழல் தவிர்க்கவே முடியாத மாடியில், ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக வைக்கும் மைக்ரோ இன்வெர்ட்டர் விலை கூடினாலும் சரியான தேர்வு.

பேனல் தெற்கு நோக்கி, 10 முதல் 13 டிகிரி சாய்வில் இருக்கட்டும். மட்டமாகப் படுக்க வைத்தால் மழைநீர் வடியாமல் விளிம்பில் சேறு கட்டும். பேனலின் மேல் எழுதியிருக்கும் வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நம் சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். ஆகவே நடுப்பகலில் 2 கிலோவாட் பேனல் 1.6 காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

காற்றுக்கு நிற்கிற ஸ்டாண்டு

வத்தல் காயவைக்க இடம் வேண்டும் என்று 8 அடி உயரத்தில் ஸ்டாண்டு கேட்பவர்கள் நிறைய. ஆசை நியாயமானதுதான். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நின்ற தென்னைகளின் கதியைப் பார்த்தவன் நான். உயரம் கூடக் கூடக் காற்று அடியில் புகுந்து பேனலைத் தூக்கும். சென்னைக்கு இந்தியத் தரநிலை வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கடலோர மாவட்டத்தில் இருப்பவர்கள், ஸ்டாண்டு எந்த வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரும்பு ஹாட்-டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்ததாகவும், போல்ட் நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். உப்புக்காற்றில் மற்றவை இரண்டு மழைக்காலம்கூடத் தாங்குவது சந்தேகம். தளத்தில் துளை போட்ட இடங்களைப் பூசி அடைத்த பிறகு தண்ணீர் கட்டிப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி எவ்வளவு வேண்டும்?

இங்கே பில்லைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இரவு 9 மணிக்குக் கரண்ட் போய் காலை 5 மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு மணி நேரத்தில் எது ஓடாவிட்டால் வீடு தாங்காது? அதை மட்டும் எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

- குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்று, ஒன்று 30 வாட், எட்டு மணி நேரம்: 720 வாட்-ஹவர்
- 9 வாட் விளக்கு நான்கு, நாலு மணி நேரம்: 144
- ஃப்ரிட்ஜ், நாளுக்கு 1.2 யூனிட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு: 400
- டிவி இரண்டு மணி நேரம்: 140
- வைஃபை, செல்போன் சார்ஜ்: சுமார் 130

ஆயிரம் வாட்-ஹவர் ஒரு யூனிட். கூட்டினால் ஒன்றரை யூனிட். பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போகும். இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 50 வாட் அளவுக்குத் தின்னும். இரண்டையும் சேர்த்தால் 2.2 யூனிட் வேண்டும். வீட்டில் பழைய ஃபேன் இருந்தால் ஒன்றுக்கு 75 வாட். மூன்றையும் பி.எல்.டி.சி.க்கு மாற்றினாலே ஓர் இரவில் ஒரு யூனிட்டுக்கு மேல் மிச்சம். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட அது மலிவு. முதலில் அதைச் செய்யுங்கள்.

தாளில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, பம்பு மோட்டார். இவை பேட்டரி லைனில் வரவே கூடாது என்பது என் கருத்து. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் ஒரு கிலோவாட்தான். ஆனால் கிளம்பும் அந்த நொடியில் மூன்று முதல் ஆறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காக இன்வெர்ட்டரை இரு மடங்கு பெரிதாக வாங்க வேண்டியிருக்கும். டாங்கை தினமும் மாலையில் நிரப்பி வைத்துக்கொள்வது சுலபம்.

டியூப்லரா, லித்தியமா?

டியூப்லர் என்பது யூ.பி.எஸ்.ஸோடு வழக்கமாக வரும் ஈய-அமில பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) டியூப்லர் ஒன்றில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகத் தேயும். ஆக, கைக்கு வருவது 0.9. இரண்டு வாங்கினாலும் 1.8தான், எங்கள் 2.2க்கு எட்டாது. 51.2 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் பேட்டரியில் 5.12 யூனிட். அதில் 80 முதல் 90 சதவீதம் வரை தயங்காமல் எடுக்கலாம். அதாவது 4 யூனிட்டுக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு இரவு.

லித்தியம் என்றாலே ஒன்று இல்லை. வீட்டுக்கு வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 'எல்.எஃப்.பி.' என்று கேட்டு வாங்குங்கள். மற்ற லித்தியம் வகைகளைவிட இது எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏறி இறங்கியும் தாங்கும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபின் ஆய்வகத்தில் இதைக் கண்டறிந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில் முதல் பெயர் அக்‌ஷய பாடி, இரண்டாவது பெயர் நஞ்சுண்டசுவாமி. நம் நாட்டுப் பெயர்களை அங்கே பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

டியூப்லரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆண்டுக்கு நாலைந்து முறை, அதுவும் ஒரு மணி நேரம் மட்டும் கரண்ட் போகிற ஊரில் அதுவே போதும். ஏற்கெனவே வீட்டில் யூ.பி.எஸ்.ஸும் நல்ல பேட்டரியும் இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு மாடியில் ஆன்-கிரிட் சோலார் மட்டும் போடுங்கள். பில்லுக்கு அது, இருட்டுக்கு இது. இருப்பதிலேயே குறைந்த செலவு இதுதான். ஒரே குறை, நாள்கணக்கில் லைன் இல்லாவிட்டால் யூ.பி.எஸ். பேட்டரியை ஏற்ற வழி இருக்காது. கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நினைவு இருப்பதால்தான் நாங்கள் பிறகு ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறினோம். லைன் இல்லாவிட்டாலும் அது பேனலிலிருந்து பேட்டரியை ஏற்றி வீட்டை ஓட்டும். அடைமழை நாளில் 2 கிலோவாட் பேனல் 8 யூனிட்டுக்குப் பதில் 2 யூனிட்தான் தரும். மேலே உள்ள தாளைப் பாருங்கள், அந்த 2 யூனிட்டால் ஏறக்குறைய ஓர் இரவு கழிந்துவிடும்.

பேட்டரி வைக்கும் இடம்: டியூப்லர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். காற்றோட்டம் வேண்டும், பூஜை விளக்குக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். லித்தியத்துக்கு எதிரி வெப்பம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும் மேற்கு வெயில் படும் சுவரிலும் வேண்டாம், படுக்கையறையிலும் வேண்டாம். வெள்ளம் புகும் தெருவாக இருந்தால் தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி மாட்டுங்கள்.

வயரிங் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

இன்வெர்ட்டர் லைனைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தாளில் எழுதியவை மட்டும் அந்த லைனில் வர வேண்டும். அதன் நியூட்ரலும் தனியாக வர வேண்டும். மெயின் நியூட்ரலோடு அதைக் கலந்துவிட்டு, அப்புறம் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதையே கழற்றிப் போடுகிற வேலையை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். உயிரைக் காக்கிற சாதனம் அது. வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்து ஹைபிரிட் சிங்கிள் ஃபேஸாக இருந்தால், அவசியமானவை எல்லாம் ஒரே ஃபேஸுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

பேனல் தருவது டி.சி., அதாவது நேர்த்திசை மின்சாரம். மாடியிலிருந்து இறங்கும் டி.சி. வயரில் நான்கு பேனலுக்கே 200 வோல்ட்டை நெருங்கும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க முடியாது. டி.சி.யில் தீப்பொறி பிடித்தால் தானாக அணையவும் செய்யாது. அதனால் டி.சி.க்கென்றே செய்த எம்.சி.பி. பிரேக்கர்தான் போட வேண்டும். கையில் இருக்கிற, வீட்டுக் கரண்டுக்கான ஏ.சி. எம்.சி.பி.யை மாட்டுகிறேன் என்று வயர்மேன் சொன்னால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். எர்த் குழி மூன்று: பேனலும் ஸ்டாண்டும் சேர்ந்த டி.சி. பக்கத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. மூன்றுக்கும் காசு வாங்கிவிட்டு ஒன்றைத் தோண்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தோண்டும்போது ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

காகித வேலை

இது சுருக்கம்தான். பி.எம். சூர்ய கர் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள், அங்கே பட்டியலில் உள்ள நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்ததும் மின்வாரியம் ஆய்வு செய்து நெட் மீட்டர் பொருத்தும், பிறகு மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். பலர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில். இணைப்பு இன்னும் மறைந்த அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் பாதியில் நிற்கும்.

ஹைபிரிட் போடுபவர்கள் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். நடுப்பகலில், போட்டவர்களை எதிரில் வைத்துக்கொண்டு மெயின் ஸ்விட்சை நீங்களே இறக்குங்கள். ஃபேன் ஓட வேண்டும், ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். மீட்டர் பக்கம் போகும் வயரில் கரண்ட் இல்லை என்பதை டெஸ்டரால் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஹைபிரிட் மாற்றிய நாளில் இதைச் செய்தபோது அம்மா ஃபேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓட ஆரம்பித்த பிறகு

ஹைபிரிட் இன்வெர்ட்டரில் பேட்டரியை எப்போது செலவழிப்பது என்று ஒரு செட்டிங் இருக்கும். பலர் அதை தினமும் மாலையில் பேட்டரியில் ஓடும்படி வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நெட் மீட்டரிங் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை. லைனுக்குக் கொடுத்த யூனிட் அப்படியே திரும்பக் கழிகிறது, பேட்டரி வழியாகப் போனால் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வீணாகிறது, ஆயுளும் தேய்கிறது. லைன் போனால் மட்டும் பேட்டரி ஓடும் பேக்கப் முறையில் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரியின் குறைந்தபட்ச இருப்பை, புயல் காலம் என்பதால், ஐப்பசி பிறந்ததும் 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிடுங்கள், தை பிறந்த பிறகு இறக்கிக்கொள்ளலாம்.

பேனலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவிய கையோடு மெல்லிய ரப்பர் வைப்பரால் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் கட்டும். பேனல் மேல் கால் வைக்காதீர்கள். வெளியே தெரியாமல் உள்ளே செல் விரிசல் விடும்.

இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மாதம் பிறந்ததும் அந்த மாத உற்பத்தியை அதில் எழுதுவேன். முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை, கார்த்திகையையும் பங்குனியையும் எப்படி ஒப்பிடுவது? சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மழை ஒரே அளவாக இருந்தும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், ஆளைக் கூப்பிடும் முன் காலை 9 மணிக்கு ஒருமுறை மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்களுக்கு ஒரு முறை அப்படிக் குறைந்தது. பக்கத்து வீட்டுத் தென்னை இரண்டு ஆண்டில் நான்கடி வளர்ந்திருந்தது.